அத்தியாயம் 5: யூனிட் சேர்ப்பது

சின்ன பட்ஜெட், 35 நாள் படப்பிடிப்பு, பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, பாதிக் கதை சென்னையிலும் மீதி தேனிப் பக்கத்திலும் நடக்கிறது. இந்த நூல் முழுக்க நாம் கையில் வைத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட படம். அதற்கே முதல் நாள் காலை இட்லிக்கு 80 பேர் வந்து நிற்பார்கள். முதல் படம் எடுக்கும் தயாரிப்பாளர் அந்த வரிசையைப் பார்த்ததும் மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: "இத்தனை பேர் எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். விடை வேண்டுமானால் தளத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். லைட்மேன்கள் மேலே ஏறி விளக்குக் கட்டும்போது நடிகர்கள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். நடிகர்கள் ஒத்திகை பார்க்கும்போது லைட்மேன்கள் சுவரில் சாய்ந்திருப்பார்கள். மேக்கப்மேன் நாள் முழுக்கப் பத்து விநாடி வேலைக்காக மானிட்டர் பக்கத்தில் நிற்பார். எந்த நேரத்தில் எண்ணினாலும் வேலை செய்கிறவர்களைவிடக் காத்திருக்கிறவர்கள்தான் அதிகம். அதைப் பார்த்து ஆட்களைக் குறைக்கக் கிளம்பாதீர்கள். அந்த மேக்கப்மேன் இல்லாத நாளில், கதாநாயகியின் நெற்றி வியர்வைக்காக 79 பேர் காத்திருப்பார்கள்.

ஆகவே யாரை முதலில் தேடுவது, எங்கே சம்பளத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு இந்த அத்தியாயத்தில் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்வோம்: எவர் ஒருவர் தடுமாறினால் மொத்த யூனிட்டும் நிற்குமோ, அவரை முதலில் முடிவு செய்யுங்கள், நன்றாகச் சம்பளம் கொடுங்கள். நேரத்தை இங்கே கால்ஷீட்டில் அளப்பார்கள். காலை 9 மணியிலிருந்து மாலை 6 வரை ஒரு கால்ஷீட் என்பது வழக்கமான கணக்கு. அதைத் தாண்டினால் ஒன்றரை, இரண்டு என்று சம்பளம் ஏறும். மாலை ஐந்தே முக்காலுக்கு "ஒரே ஒரு ஷாட்தான் சார்" என்று இயக்குநர் சொல்லும் வாக்கியத்துக்கு என்ன விலை என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மேனேஜர்தான் முதல் ஆள்

கதாநாயகனுக்கு முன், ஒளிப்பதிவாளருக்கு முன், தயாரிப்பு நிர்வாகியைப் பிடியுங்கள். டைட்டிலில் 'புரொடக்‌ஷன் எக்ஸிக்யூட்டிவ்' என்று வரும். தளத்தில் எல்லோருக்கும் அவர் மேனேஜர். நாளைக்கு எத்தனை வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, தெருவில் படமெடுக்க எந்த அலுவலகத்தில் எந்தக் கடிதம், "ஹாலுக்குத்தான் சரின்னேன், மாடிக்குச் சொல்லலையே" என்று வீட்டுக்காரர் பதினொரு மணிக்குக் கிளப்பும் தகராறு, எல்லாம் அவர் தலையில். இயக்குநரின் கனவை ரூபாயாகவும் வண்டியாகவும் மாற்றிச் சொல்கிற ஆள் அவர். அவர் இல்லாமல் பட்ஜெட் போடுவது வீண் வேலை.

நல்ல மேனேஜரை எப்படிக் கண்டுபிடிப்பது? செய்த படங்களின் பட்டியலைக் கேட்டு மயங்காதீர்கள். திரைக்கதையிலிருந்து இரண்டு காட்சிகளைக் கொடுத்து பிரேக்டவுன் எழுதச் சொல்லுங்கள். ஒன்று வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் பேசுவது. இன்னொன்று மழையில் பஸ் ஸ்டாண்டில் நடக்கும் சண்டை. பஸ் ஸ்டாண்டு சிக்கல் என்று யாருக்கும் தெரியும். கெட்டிக்காரர் அந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்: எந்தத் தெரு, ஜெனரேட்டர் வண்டி உள்ளே நுழையுமா, எதிரில் பள்ளிக்கூடம் உண்டா, பெண்கள் உடை மாற்ற எந்த அறை, கழிப்பறை எத்தனை. அடுத்து, அவருடைய முந்தைய படத்தில் வேலை செய்த லைட்மேன் யாரையாவது டீக்கடையில் பிடித்து, பேட்டா தினமும் சாயங்காலம் கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வடபழனியிலோ சாலிகிராமத்திலோ இதை விசாரிக்க அரை மணி நேரம் போதும்.

பணம் செலவழிக்கிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். மேனேஜரின் நேர்மை மீது சந்தேகம் என்று இதற்குப் பொருளில்லை. வவுச்சர் இரண்டு கை மாறினால் இருவருக்குமே நிம்மதி.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். புரொடக்‌ஷன் பாய்ஸ் என்று அழைக்கப்படும் உதவியாளர்கள்தான் காலை டிபனிலிருந்து நாலு மணி டீ வரை பார்த்துக்கொள்கிறார்கள். டீ பத்து நிமிடம் தாமதமானால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். விளக்கு நகர்வது மட்டும் மெதுவாகிவிடும். விஜயகாந்த் தன் படங்களில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று வைத்திருந்ததைத் தொழிலாளர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். கேரவனுக்கு ஒரு மெனு, தரைக்கு ஒரு மெனு என்று பிரிப்பதில் மிச்சமாகும் காசு அற்பம்.

உதவி இயக்குநர்கள்

தமிழ் சினிமாவின் பெரிய பயிற்சிக்கூடம் உதவி இயக்குநர் கூட்டம்தான். பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ் வந்தார், பாக்யராஜிடமிருந்து பாண்டியராஜனும் பார்த்திபனும் வந்தார்கள். பாலு மகேந்திராவிடம் இருந்தவர்கள் பாலா, வெற்றிமாறன், சீனு ராமசாமி. எஸ்.ஏ. சந்திரசேகரனிடம் உதவியாளராக இருந்தவர் ஷங்கர். ஷங்கரிடமிருந்து பாலாஜி சக்திவேல், வசந்தபாலன், அட்லி. இந்தப் பரம்பரைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உங்களிடம் சேரும் ஒவ்வொருவரும் அடுத்த படத்தின் இயக்குநராகத்தான் வருகிறார்கள். ஷாட் ஓடும்போது ஐந்து பேரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கதாநாயகன் எந்தக் கையில் வாட்ச் கட்டியிருந்தான் என்பதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் அளவு படத்துக்கு ஓர் இணை இயக்குநரும் நாலு உதவியாளர்களும் போதும். வேலையை முதல் நாளே எழுதிப் பிரித்துவிடுங்கள். இணை இயக்குநர் தளத்தை ஓட்டுவார். அடுத்து என்ன ஷாட், யார் தயார், யார் தயாரில்லை என்பது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இயக்குநர் தொண்டை கிழியக் கத்தும் தளத்தில் இணை இயக்குநர் சரியில்லை என்று அர்த்தம். ஒருவர் நடிகர்களுடன்: வசனப் பேப்பரைக் கொடுப்பது, மனப்பாடம் செய்யவைப்பது, கேரவனிலிருந்து தளத்துக்குக் கொண்டுவருவது. ஒருவர் உடைக்கும் பொருட்களுக்கும். ஒருவர் கிளாப். கிளாப் அடிப்பது கடைக்குட்டியின் வேலை என்று இளக்காரமாக நினைப்பவர்கள் உண்டு. காட்சி எண், ஷாட் எண், டேக் எண் மூன்றில் ஒன்று தவறினால் எடிட்டிங் அறையில் ஒரு நாள் போய்விடும். எந்த டேக் ஓகே, எது ஏன் சரியில்லை என்று எழுதும் ரிப்போர்ட்டும் அவர் பொறுப்பே.

நாலாவது ஆள் கன்டினியூட்டிக்கு. ஹாலிவுட்டில் இதற்கென்றே ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று தனி ஆள் இருப்பார். நம் ஊரில் உதவி இயக்குநரே பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடிகரைத் தலை முதல் கால் வரை போனில் படமெடுத்து, காட்சி எண்ணோடு சேமிக்கச் சொல்லுங்கள். சென்னையில் எடுத்த வாசல் காட்சிக்கும், மூன்று வாரம் கழித்துத் தேனியில் எடுக்கும் அதே காட்சியின் தெருப் பகுதிக்கும் இடையே நெற்றித் திருநீறு மூன்று கோட்டிலிருந்து கீற்றாக மாறிவிடும். டி.ஐ. எனும் நிறத் திருத்தத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். 'கத்துக்க வந்த பசங்கதானே' என்று பேட்டாவோடு நிறுத்துவது இங்கே நெடுநாள் பழக்கம். வாடகை கட்ட வழியில்லாத உதவி இயக்குநர் படப்பிடிப்பின் நடுவில் வேறு படத்துக்குப் போவார். அவரோடு கன்டினியூட்டி நோட்டும் போகும்.

ஒளிப்பதிவும் கலையும்

ஒளிப்பதிவாளரை இயக்குநர் தன் ரசனைப்படி தேர்ந்தெடுக்கட்டும். அதில் யாரும் தலையிட வேண்டாம். தயாரிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் ஷாட்டுக்கு எத்தனை மணிக்குத் தயாராவீர்கள்? 9 மணிக்குக் கால்ஷீட் என்றால் பத்தரைக்கு முதல் ஷாட் எடுப்பவரும் இருக்கிறார், பன்னிரண்டரைக்கு எடுப்பவரும் இருக்கிறார். 35 நாள் படத்தில் அந்த இரண்டு மணி நேர வித்தியாசம் கிட்டத்தட்ட எட்டு நாள்.

கேமராவும் விளக்குகளும் வாடகைக்கு வரும்போது அவற்றோடு ஆட்களும் வருவார்கள். அதைத்தான் அவுட்டோர் யூனிட் என்கிறோம். கேமரா அட்டெண்டர், லைட்மேன்கள், ஜெனரேட்டர் ஆபரேட்டர், டிராக் போடுகிறவர்கள், கிரேன் வந்தால் அதற்கும் ஆட்கள். ஒளிப்பதிவாளர் பட்டியலில் எழுதும் ஒவ்வொரு பெரிய விளக்குக்குப் பின்னும் வண்டி, வயர், ஜெனரேட்டர் திறன், ஆள் எல்லாம் வரிசையாக வரும். எனவே விளக்குப் பட்டியலைக் காட்சிவாரியாகக் கேளுங்கள். தேனியில் வெயிலில் எடுக்கும் மூன்று நாளுக்குச் சென்னை இரவுக் காட்சியின் விளக்குகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவது சர்வசாதாரணமாக நடக்கிற விரயம்.

கேமராக் குழுவில் நான் அதிகம் கவலைப்படுவது ஃபோகஸ் புல்லர் பற்றி. நடிகை ஒரே டேக்கில் உடைந்து அழுகிறாள். கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் காதில் விழுந்துவிட்டது. மறுபடி அழ வேண்டும். அழுகை வரும் வரை யூனிட் முழுக்க மௌனமாக நிற்கும். இந்த நாற்காலிக்கு ஒளிப்பதிவாளர் தன் பழைய ஆளைக் கேட்டால் மறுக்காதீர்கள்.

ஃபிலிமில் எடுத்த காலத்தில் 400 அடி ரோல் ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனாலேயே ஒத்திகை ஒழுங்காக நடந்தது. டிஜிட்டல் வந்த பிறகு 'ஓடட்டும், ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். செலவு மறைந்துவிடவில்லை, தளத்திலிருந்து எடிட்டிங் அறைக்கு இடம் மாறியிருக்கிறது. அதோடு ஒரு புதிய வேலையும் முளைத்திருக்கிறது. கார்டிலிருந்து காட்சிகளை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, சரிபார்த்து, குறைந்தது இரண்டு பிரதி எடுத்துவைப்பது. இரண்டு பிரதியும் ஒரே காரில் ஊருக்குத் திரும்பக் கூடாது. இதைச் செய்ய யாரோ ஒரு 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனை' வைக்காதீர்கள். உங்கள் முழு முதலீடும் அவன் கையில் இருக்கிற அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

கலை இயக்குநரை ஒளிப்பதிவாளர் வந்த அதே வாரத்தில் முடிவு செய்யுங்கள். 'நாயகன்' படத்தில் நாம் பார்க்கும் தாராவியின் பெரும்பகுதி, சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அந்தச் செட்டுக்கு ஒளி அமைத்தவர் பி.சி. ஸ்ரீராம். இருவருக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தில் செட் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. செட்டில் ஜன்னல் எங்கே வரும் என்று கலை இயக்குநர் முடிவு செய்யும்போதே, வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதில் பாதியை முடிவு செய்துவிடுகிறார். இருவரும் தனித்தனியாக வேலை செய்தால், படப்பிடிப்பு அன்று காலை கார்பெண்டர் சுவரை அறுத்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். உண்மையான வீட்டில் எடுப்பதால் கலை இயக்குநர் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான வீட்டில்தான் பொருந்தாத காலண்டரும், போன வருஷத்து ஃப்ரிட்ஜும், வீட்டுக்காரரின் பேரன் போட்டோவும் இருக்கும்.

உடையில் இரண்டு பேர் வேலை இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். காஸ்ட்யூம் டிசைனர் எந்த நிறம், எந்தத் துணி, எவ்வளவு பழசு என்று முடிவு செய்வார். காஸ்ட்யூமர் அதைத் தளத்தில் காப்பாற்றுவார்: துவைத்து, தேய்த்து, காட்சி எண் கட்டி, சரியான நாளில் சரியான ஆளுக்குக் கொடுப்பார். சண்டையிலோ சேற்றிலோ ரத்தத்திலோ படப்போகும் சட்டைக்குப் பிரதிகள் வாங்கிவிட்டார்களா என்று முன்பே கேளுங்கள். அதே சட்டை அடுத்த மாதம் கடையில் கிடைக்காது.

பெண்கள் இந்த வேலைகளுக்குள் வந்த வழி எளிதானதாக இல்லை. பி.ஆர். விஜயலட்சுமி 1985-ல் 'சின்ன வீடு' படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தபோது ஒளிப்பதிவாளர் என்றால் ஆண் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேக்கப்பில் நிலைமை இன்னும் விசித்திரம்: மும்பையில் பெண்களைச் சிகை அலங்காரத்துக்கு மட்டும் அனுமதித்து, ஒப்பனைக் கலைஞராகச் சேர்க்க மறுத்த சங்க விதியை உச்ச நீதிமன்றம் 2014-ல்தான் ரத்து செய்தது. இன்று எல்லாத் துறையிலும் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய முதல் மரியாதை, லொகேஷனில் ஒழுங்கான கழிப்பறை. அதற்கென்று வாடகை வண்டி கிடைக்கிறது. கதாநாயகனின் இரண்டாவது கேரவனை வெட்டியாவது அதை வரவழையுங்கள்.

நடிக்கிறவர்கள்

நட்சத்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் குணச்சித்திர நடிகர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரே நேரத்தில் நாலு படத்தில் நடிக்கும் அப்பா நடிகரின் தேதிதான் உங்கள் ஷெட்யூலை உடைக்கும். அவர் இன்னொரு படத்துக்காகத் தாடி வளர்த்துவிட்டால், மிச்சமிருக்கும் உங்கள் இரண்டு காட்சிகள் மூன்று மாதம் தள்ளிப்போகும். அவர் வரும் எல்லாக் காட்சிகளையும், கதை வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் தேதிகளோடு தோற்றத்தையும் எழுதுங்கள்.

சம்பளத்தின் கடைசித் தவணை டப்பிங்கின்போது என்பது பரவலான வழக்கம். மீதிப் பணம் வராமல் நடிகர் டப்பிங் தியேட்டருக்குள் நுழைய மாட்டார். இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கோபப்படும் தயாரிப்பாளர்கள் உண்டு. அவர் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். பட்ஜெட்டில் டப்பிங் தேதிக்கு அந்தத் தொகையை ஒதுக்கிவிட்டால் பிரச்சினையே இல்லை.

கூட்டத்துக்கு வரும் துணை நடிகர்கள் ஏஜெண்ட் மூலம் வருவார்கள். 'கல்யாண வீட்டுக்கு 50 பேர்' என்று மட்டும் சொன்னால் 50 இளைஞர்கள் வந்து நிற்பார்கள். வயது, ஆண் பெண் எண்ணிக்கை, பட்டுப்புடவை அவர்களுடையதா உங்களுடையதா என்பதையும் சொல்லுங்கள். தேனியில் எடுக்கும்போது ஊர்க்காரர்களைச் சேர்ப்பதாக இருந்தால் சங்கத்தோடு முன்பே பேசிவிடுங்கள்.

குழந்தை நடித்தால் சட்டம் கறாரானது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்கவைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். நடைமுறையில் இதற்குப் பொருள்: குழந்தை வரும் நாளில் மற்ற எல்லோரும் குழந்தைக்காகக் காத்திருக்க வேண்டும், குழந்தை யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. நாய், மாடு, சேவல் எது வந்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். அந்தச் சான்று இல்லாமல் தணிக்கையில் படம் நிற்கும். இரண்டு ஷாட்டில் வரும் கோழியால் ரிலீஸ் தேதி தள்ளிப்போகலாம்.

ஒலி

இந்த முடிவைக் கடைசியில் எடுப்பதுதான் நம் வழக்கம். முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது. தளத்திலேயே குரலைப் பதிவு செய்யப்போகிறீர்களா, பைலட் டிராக் மட்டும் எடுத்துக்கொண்டு டப்பிங்கில் பேசவைக்கப்போகிறீர்களா? தமிழில் பெரும்பாலும் டப்பிங்தான். 'விருமாண்டி' போல நேரடி ஒலிப்பதிவில் எடுத்த படங்களும் உண்டு. நேரடி ஒலி என்று முடிவானால் மொத்த யூனிட்டும் மாறும். ஒலிப்பதிவாளரோடு பூம் பிடிப்பவரும் வருவார், ஜெனரேட்டர் தள்ளிப்போகும், வயர் நீளும், தகரக் கூரை போட்ட வீடு லொகேஷன் பட்டியலிலிருந்து நீங்கும், நடிகர் வசனத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். உதவி இயக்குநர் ஓரத்திலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. மொழி தெரியாத நடிகையைப் போட்டுவிட்டு நேரடி ஒலி வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

டப்பிங் என்றால், பைலட் டிராக்கைத் தெளிவாக எடுங்கள். நடிகர் அந்த நேரத்து உணர்ச்சியில் சேர்த்துப் பேசிய அரைச் சொல்லை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.

சண்டை, நடனம், பாதுகாப்பு

ஸ்டண்ட் மாஸ்டர் தன் ஃபைட்டர்களோடும் ரோப் ஆட்களோடும் வருவார். டான்ஸ் மாஸ்டர் தன் உதவியாளர்களோடும் குரூப் டான்சர்களோடும் வருவார். அந்த நாட்களில் தளம் அவர்கள் கையில். இயக்குநர் கதையை ஞாபகப்படுத்தினால் போதும். சண்டைக் கலைஞர்களின் வேலைக்கென்று தேசிய விருதில் ஒரு பிரிவு வரவே 2016-ஆம் ஆண்டுப் படங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையில் ஃபைட்டராக இருந்து மேலே வந்த பீட்டர் ஹெயின் 'புலிமுருகன்' படத்துக்காக அதை முதலில் வாங்கினார்.

ஆபத்து சண்டைக் காட்சியில் மட்டும் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். 2020 பிப்ரவரி 19 அன்று இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' செட்டில் விளக்குக் கட்டிய கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். கேமரா ஓடாத நேரத்தில், ஷாட்டுக்கான ஏற்பாட்டின் நடுவில் நடந்தது அது. யூனிட் முழுக்கக் காப்பீடு எடுங்கள், புரொடக்‌ஷன் பாய் வரை. உயரத்தில் எதையாவது கட்டும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது என்பதைக் கவனிக்க ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இரவு ஒன்றரை கால்ஷீட்டுக்குப் பிறகு மறுநாள் அதிகாலை ஷிப்ட் வைக்காதீர்கள். லைட்மேன் தூங்கி விழுந்தாலும் டிரைவர் தூங்கி விழுந்தாலும் விளைவு ஒன்றுதான்.

சங்கம், ஒப்பந்தம், புகார்க் குழு

இதுவரை சொன்ன தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சங்கத்தில் இருப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அந்தச் சங்கங்கள் சேர்ந்ததுதான் பெப்சி என்று எல்லோரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும், 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கிய ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இந்தத் தொழிற்சங்க இயக்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள். நடிகர்களுக்கு 1952-ல் தொடங்கிய நடிகர் சங்கம் தனியாக இருக்கிறது. முதல் முறை படம் எடுப்பவர்கள் சங்கம் என்றாலே இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். வேலை நேரம், பயணப்படி, இரவுச் சம்பளம் எல்லாம் அச்சிட்ட விதியாகக் கையில் கிடைப்பது பட்ஜெட் போடுகிறவருக்கு உதவிதான். அந்த விதிகளை வாங்கி மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள்.

எல்லோரோடும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். திரைத் தொழிலாளர்களுக்கென்று 1981-ல் வந்த மத்தியச் சட்டமே எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தை வலியுறுத்தியது. ஆனாலும் 'நம்ம தம்பிதானே' என்று வாய்வார்த்தையில் தொடங்கி, ரிலீஸுக்கு முதல் நாள் பஞ்சாயத்தில் முடியும் கதைகளுக்குக் குறைவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். படத் தயாரிப்புக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா குழு அறிக்கையைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. குழு உறுப்பினர்களின் பெயரையும் போன் எண்ணையும் தினசரி கால்ஷீட் தாளின் கீழேயே அச்சடித்துவிடுங்கள்.

படப்பிடிப்புக்குப் பிறகு வருகிறவர்கள்

எடிட்டரைப் படப்பிடிப்புக்கு முன்பே ஒப்பந்தம் செய்து, திரைக்கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'இந்த நாலு காட்சியும் நிக்காதுங்க' என்று அவர் காகிதத்தில் சொன்னால் காசு மிச்சம். எடுத்த பிறகு சொன்னால் மூன்று நாள் கால்ஷீட் குப்பையில். பாதுகாப்புக்காக ஒரு ஸ்பாட் எடிட்டரைத் தளத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஷாட்டுக்கு ஷாட் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தால் அவரே புதிய காத்திருப்புக்குக் காரணமாகிவிடுவார். செட்டைப் பிரிப்பதற்கு முன், ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் பார்த்தால் போதும்.

இசையமைப்பாளரோடு பாடல்களுக்கு மட்டும் பேசி முடித்துவிட்டு, ரீ-ரெக்கார்டிங்குக்கு நாள் ஒதுக்காமல் விடுவது பரவலான தவறு. எடிட்டிங் தாமதமாகும்போதெல்லாம் நாட்கள் கடிக்கப்படுவது பின்னணி இசையிலும் ஒலிக் கலவையிலும்தான். டி.ஐ., வி.எஃப்.எக்ஸ்., ஃபோலி, மிக்சிங் ஒவ்வொன்றுக்கும் எடிட்டர் 'லாக்' செய்த பிரதி வேண்டும். லாக் செய்த பிறகு இயக்குநர் ஒரு ஷாட்டை நகர்த்தினால் ஐந்து இடங்களில் வேலை திரும்பத் தொடங்கும். தணிக்கைக்கும் நாள் விடுங்கள். 2024 விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த வயதுக்கு எடுக்கிறோம் என்பது திரைக்கதையிலேயே தெரிந்திருந்தால் கடைசி வெட்டு குறையும்.

பி.ஆர்.ஓ.வையும் ஸ்டில் போட்டோகிராஃபரையும் மறந்துவிடுகிறார்கள். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்காக ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் செய்ததில்தான் இங்கே பி.ஆர்.ஓ. என்ற தொழிலே தொடங்கியது. ஸ்டில் எடுப்பவரை எல்லா நாளும் அழைக்க முடியாவிட்டால் நடிகர்கள் அதிகமாகச் சேரும் நாட்களிலாவது அழையுங்கள். போஸ்டருக்கு வேண்டிய படத்தை வீடியோவிலிருந்து பிடுங்கினால் அது அப்படித்தான் தெரியும்.

டைட்டில் கார்டுக்கான பெயர்களைப் படப்பிடிப்பு நாட்களிலேயே சேகரிக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் ஆட்களின் பெயரைக் கையால் எழுதித் தரட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியலோடு. முதல் ஷெட்யூலில் மட்டும் வேலை செய்துவிட்டுப் போன லைட்மேன், பாதியில் மாறிய காஸ்ட்யூமர், வீடு கொடுத்தவர், தெருவை அடைக்கச் சம்மதித்த ஊர்ப் பெரியவர்கள் என்று விடுபடுகிறவர்கள் எப்போதும் ஒரே வகைதான். டி.ஐ. முடிவதற்குப் பத்து நாள் முன்பாவது பட்டியலை அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குள் யூனிட் நாலு படங்களாகச் சிதறியிருக்கும். அவர்களைத் தேடிப் பிடித்துப் பெயரைச் சரிபார்க்கவும், பாக்கிச் சம்பளம் யாருக்காவது நிற்கிறதா என்று அதே போனில் கேட்டுக்கொள்ளவும் அந்தப் பத்து நாள் தேவைப்படும்.